‘சன்னீஸ் ப்ளூஸ்’ கதையை ஐந்து வகுப்பில் எப்படி எடுப்பது?

கேள்வி இதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியில் டியூஷன் நடத்தும் ஒருவர், ஆறாம் படிவத்திலும் கல்லூரி அடித்தள வகுப்பிலும் இருக்கும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் ‘சன்னீஸ் ப்ளூஸ்’ சிறுகதையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஹெராயினில் சிக்கிய ஜாஸ் பியானோக்காரன் சன்னியைப் பற்றி அவன் அண்ணன் சொல்லும் கதை அது. பிள்ளைகள் இணையத்தில் கிடைக்கும் கதைச்சுருக்கத்தை உருப்போட்டுக்கொண்டு வருகிறார்கள். இசை வரும் இடத்தில் முழிக்கிறார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் போதைப்பொருள் ஒழிப்புப் பேச்சுப்போட்டிக்கு எழுதியதைப் போல எழுதி நீட்டுகிறார்கள். ஒன்றரை மணி நேர வகுப்புகள் ஐந்துதான் கையில் இருக்கின்றன. என்ன செய்யலாம்? கதையை நம் தோட்டத் தமிழர் வாழ்க்கையோடு ஒப்பிடலாமா என்றும் கேட்கிறார்.

தலைப்பில் சன்னியின் பெயர் இருப்பதால் எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கதையில் பெரிதாக மாறுகிறவர் அண்ணன். சன்னிக்குப் பதின்ம வயதிலேயே தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறான். அதைக் காதில் வாங்கிக்கொள்ள அண்ணனுக்கு முழுக்கதையும் தேவைப்படுகிறது. ஆகவே ஐந்து வகுப்புக்கும் ஒரே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த அண்ணன் எப்போது எதைக் கேட்டார், எதைக் கேட்டும் கேட்காமல் இருந்தார்? அவருக்குக் கதையில் பெயர் கிடையாது. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில் அல்ஜீப்ரா வாத்தியார், சன்னிக்கு ஏழு வயது மூத்தவர் என்பதுவரை தெரியும். பிள்ளைகள் அவரைப் பால்ட்வின் என்றே எழுதிவிடுவார்கள். முதல் நாளே அதைத் திருத்திவிடுங்கள்.

ஆசிரியரைப் பற்றி அதிகம் வேண்டாம். 1924இல் ஹார்லெமில் பிறந்தவர். பதினான்கு வயதில் தேவாலயத்தில் பிரசங்கம் செய்யத் தொடங்கி, சில ஆண்டுகளில் அதை விட்டவர். 1948இல் பாரிசுக்குப் போனார். இந்தக் கதை 1957இல் ‘பார்ட்டிசன் ரிவியூ’ இதழில் வந்தது, 1965இல் தொகுப்பில் சேர்ந்தது. இதில் வகுப்புக்கு உதவுவது பிரசங்க அனுபவம்தான். அவருடைய நீண்ட வாக்கியங்கள் மூச்சுப் பிடித்து ஏறி இறங்குவது அங்கிருந்து வந்தது. வாய்விட்டுப் படித்தால் உடனே தெரியும். மீதியை, அதாவது ஹார்லெம் வரலாறு, கறுப்பின மக்களின் குடிசார் உரிமைப் போராட்டம் எல்லாவற்றையும், பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பின்னணி அதிகம் தெரிந்த பிள்ளை கட்டுரையில் பாதியை அதற்கே செலவழித்துவிடும்.

முதல் வகுப்புக்கு முன்பே கதையை வீட்டில் ஒருமுறை படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஓரளவு வேகமாகப் படிப்பவருக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு தடவையாகப் பிரிக்கலாம்: சன்னி திரும்பி வந்து அண்ணன் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் இடம்வரை ஒன்று, மீதி இன்னொன்று. இந்த முதல் வாசிப்பில் அகராதி வேண்டாம், அடிக்கோடு வேண்டாம். புரியாத சொல்லைத் தாண்டிப் போகட்டும். ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அம்மாவும் சன்னியின் பழைய நண்பனும் பேசும் ஆங்கிலம் பள்ளி இலக்கணத்துக்கு அடங்காது. அது கறுப்பின மக்களின் பேச்சு வழக்கு. அதற்கென்று தனி ஒழுங்கு உண்டு. மேற்கோள் காட்டும்போது அதைத் ‘திருத்தி’ எழுதும் பிள்ளை எப்போதும் ஒன்று இருக்கும்.

முதல் வகுப்பு காலவரிசைக்கு. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. கதையில் அத்தியாயத் தலைப்பு இல்லை. நிகழ்காலத்தில் தொடங்கி, நடுவில் பல ஆண்டுகள் பின்னே போய், மறுபடி திரும்புகிறது. ஒரு மாஜோங் தாளை (பெரிய வெள்ளைத் தாள்) சுவரில் ஒட்டி, மணிலா அட்டையைப் பன்னிரண்டு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சம்பவம்: சன்னி ஹெராயின் வழக்கில் பிடிபட்ட செய்தியைச் சுரங்க ரயிலில் அண்ணன் படிப்பது; பள்ளி வளாகத்தில் பழைய நண்பன்; கடிதம்; டாக்சியும் இரவுச் சாப்பாடும்; சித்தப்பாவின் மரணம்; அதை அம்மா சொல்வது; அம்மாவின் அடக்கத்துக்குப் பின் நடக்கும் பேச்சு; அண்ணன் மனைவி இசபெலின் வீட்டுப் பியானோ; நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் சகோதரர்கள் போடும் சண்டை; குழந்தை கிரேசின் சாவு; தெருவில் நடக்கும் எழுப்புதல் கூட்டம் (கிறிஸ்தவர்கள் பாடிப் பிரசங்கிக்கும் கூட்டம்); இரவு விடுதி. முதலில் நடந்த வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். அதன் கீழே பால்ட்வின் சொன்ன வரிசையில் இன்னொரு முறை. இரண்டுக்கும் இடையில் நூல் கட்டினால் எது எங்கே இடம் மாறியது என்பது கண்ணில் படும்.

இடம் மாறியவற்றில் இரண்டைப் பற்றி நிறையப் பேசலாம். ஒன்று கிரேசின் சாவு. கதையின் தொடக்கப் பகுதியில் அது அரை வாக்கியத்தில் வந்து போய்விடும்: நெடுநாள் சன்னிக்கு எழுதவில்லை, எழுதியபோது மகள் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது என்ற அளவில். விவரம் மிகப் பிந்தித்தான் வருகிறது. போலியோ. (அமெரிக்காவில் போலியோ தடுப்பூசி பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததே 1955இல்.) அம்மாவிடம் கொடுத்த வாக்கையும் அதைக் காப்பாற்றத் தவறிய ஆண்டுகளையும் சொல்லி முடித்த பிறகே இந்த அப்பா தன் மகளைப் பற்றி வாய் திறக்கிறார். தன் துயரம் வந்த பின்னர்தான் தம்பியின் துயரம் தனக்கு மெய்யானது என்று அவரே ஒப்புக்கொள்ளும் குறுகிய வாக்கியம் அங்கே இருக்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே வாக்கியம் அதுதான்.

இரண்டாவது, சித்தப்பாவின் கதை. அப்பாவின் தம்பி கிடார் வாசிப்பவர். நிலா வெளிச்சத்தில் இருவரும் நடந்து வரும்போது, குடித்திருந்த வெள்ளையர் நிறைந்த கார் ஒன்று அவர்மேல் ஏறுகிறது; கிடார் நொறுங்கி நரம்புகள் தெறிக்கின்றன. அப்பா இதைப் பிள்ளைகளிடம் கடைசிவரை சொல்லவில்லை. அம்மா மூத்தவரிடம் சொல்லும் காரணத்தையும் தானே விளக்குகிறார்: பயமுறுத்தவோ யாரையும் வெறுக்க வைக்கவோ அல்ல, உனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்பதற்காக. நடப்பதைத் தடுக்க முடியாமல் போகலாம், ஆனால் நீ இருக்கிறாய் என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அவர் கேட்பது. இங்கே பிள்ளைகள் செய்யும் தவறு, அண்ணன் தம்பியைத் ‘திருத்துவதாக’ வாக்குக் கொடுத்தார் என்று எழுதுவது. அம்மா அதைக் கேட்கவே இல்லை. அண்ணன்தான் காவலாக இருப்பதைக் கண்காணிப்பு என்று எடுத்துக்கொள்கிறார். பின்னால் ஒரு சனிக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாதபோது தம்பியின் அறையைச் சோதனை போடலாமா என்று அவர் தயங்கி நிற்கும் இடத்தோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டாம் வகுப்பில் கதையை மறுபடி புரட்டிச் சத்தங்களை மட்டும் பொறுக்குங்கள். தாளில் நான்கு கட்டம்: என்ன சத்தம், எங்கிருந்து, அண்ணன் என்ன செய்தார், பக்க எண். பள்ளிப் பையன்களின் சிரிப்பு வரும். அதில் பிள்ளைத்தனம் இல்லை என்பதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்பதுபோல் கேட்கிறார். அதே இரைச்சலுக்குள் ஒரு பையனின் சீட்டி தனியாகத் தெரிகிறது. மதுக்கடை ஜூக்பாக்சும் (காசு போட்டால் பாடும் பெட்டி) அதற்கு ஆடும் பணிப்பெண்ணும் வருவார்கள். கதை சொல்லும் முன் ஜன்னலோரம் அம்மா முணுமுணுக்கும் பழைய தேவாலயப் பாட்டு, சாவதற்குச் சற்று முன் சித்தப்பா அடித்த சீட்டி, சண்டை போட்டுவிட்டுப் படியிறங்கும்போது அழுகையை அடக்க அண்ணனே அடிக்கும் சீட்டி எல்லாம் அட்டவணையில் ஏறட்டும். கிரேஸ் விழுந்தபோது வராத அழுகையையும் சேர்க்க மறக்காதீர்கள். குழந்தை விழுந்தால் கத்தும், கத்தினால் ஓடலாம் என்று பழகிய தாய்க்கு அந்த அமைதிதான் அபாயமாகப் படுகிறது. சத்தம் இல்லாததும் இந்தப் பட்டியலில் ஒரு சத்தம். இசபெல் வீட்டில் சன்னி பியானோவை நிறுத்திய பிறகு வரும் மௌனமும் அப்படித்தான். வாசித்தபோது சகிக்க முடியாமல் இருந்தவர்களுக்கு, நின்றபோது அதைவிடப் பயமாகிறது.

மூன்றாவது கட்டம் கதையின் முதல் பாதியில் பெரும்பாலும் ‘நகர்ந்துவிட்டார்’, ‘கண்டுகொள்ளவில்லை’, ‘கோபப்பட்டார்’ என்றே நிரம்பும். தெருக்கூட்டக் காட்சிக்கு வரும்போது மாறத் தொடங்கும். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திச் சொல்லிவிட்டால் வகுப்பு வீண்.

மூன்றாம் வகுப்பு இசைக்கு. கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் போடாதீர்கள். அதில் பேஸ் என்ற, தாழ்ந்த சுரம் தரும் பெரிய தந்தி வாத்தியம் காணாமல் போகும். கதையில் சன்னியை வழிநடத்தும் குழுத் தலைவர் கிரியோல் வாசிப்பது அந்தப் பெரிய பேஸைத்தான். சின்ன ஸ்பீக்கர் ஒன்றாவது வேண்டும்.

லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 1928ஆம் ஆண்டு ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’, சார்லி பார்க்கரின் 1948ஆம் ஆண்டு ‘பார்க்கர்ஸ் மூட்’ இரண்டும் போதும். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் போலத்தான். இரண்டுமே பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்பதால் ஒப்பிட வசதி. ஒரு பாருக்கு நான்கு தட்டு, ஆகப் பன்னிரண்டு பாருக்கு நாற்பத்தெட்டு தட்டு, பிறகு முதலிலிருந்து. கோவிலில் தேவார வகுப்புக்கோ கர்நாடக இசைக்கோ போகும் பிள்ளை இருந்தால் இப்படிச் சொல்லுங்கள்: முதல் நான்கு பார் ஸட்ஜத்தை ஆதாரமாகக் கொண்ட கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு), அடுத்த இரண்டு மத்யமம், இரண்டு ஸட்ஜம், பிறகு பஞ்சமம் ஒன்று, மத்யமம் ஒன்று, ஸட்ஜம் இரண்டு. ப்ளூஸின் அந்த நைந்த குரல், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே வழுக்கும் சுரத்தில் இருக்கிறது. பாடும் ப்ளூஸில் முதல் வரியையே இரண்டாம் முறையும் பாடி, மூன்றாவதில் பதில் சொல்வது வழக்கம். ஜாஸ் கலைஞர் இந்தச் சட்டத்துக்குள் நின்று அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கிறார்; நம் நிரவலில் சாகித்தியமும் தாளமும் அப்படியே இருக்க, சங்கதி புதிது புதிதாக வருவதைக் கேட்டவர்களுக்கு இது எட்டும். ஆம்ஸ்ட்ராங் பதிவின் தொடக்கத்தில் டிரம்பெட் தாளமில்லாமல் தனியாக வரும். பார்க்கர் பதிவிலும் சிறு முகப்பு உண்டு. இரண்டிலும் தாளம் பிடிபட்ட பிறகே எண்ணத் தொடங்குங்கள். இல்லையென்றால் கணக்குத் தவறி, பிள்ளைகள் இசையே தப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஏன் இந்த இருவர்? அம்மாவின் அடக்கத்துக்குப் பின் நடக்கும் பேச்சில், ஜாஸ் வாசிக்கப் போகிறேன் என்று சன்னி சொன்னதும், ஆம்ஸ்ட்ராங் மாதிரியா என்று அண்ணன் கேட்கிறார். தம்பிக்கு முகம் சுருங்குகிறது. அவன் சொல்லும் பெயர் பார்க்கர். அண்ணன் அப்படி ஒருவரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆம்ஸ்ட்ராங் 1901இல் பிறந்த பழைய நியூ ஆர்லியன்ஸ் வழிக்காரர். பார்க்கர் 1920இல் பிறந்து, 1940களில் நியூயார்க்கில் ‘பீபாப்’ என்ற வேகமான, ஆட்டத்துக்கு ஒத்துவராத, உட்கார்ந்து கேட்க வேண்டிய இசையை உருவாக்கியவர்களில் ஒருவர். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் சகோதரர்களுக்கு நடுவில் உள்ள ஏழு வயது இடைவெளி காதிலேயே தெரியும். பார்க்கரும் ஹெராயினுக்கு அடிமையானவர், 1955இல் முப்பத்துநான்கு வயதில் இறந்தார். கதை வந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. அன்றைய வாசகருக்கு அந்தப் பெயரே எச்சரிக்கை மணி.

இன்னொன்றும் கவனியுங்கள். கடைசிக் காட்சியில் குழு வாசிக்கும் ‘ஆம் ஐ ப்ளூ’ 1929இல் வந்த பிரபலப் பாட்டு. அது பன்னிரண்டு பார் வடிவம் கிடையாது. கட்டுரையில் ‘சன்னி பன்னிரண்டு பார் ப்ளூஸ் வாசித்தான்’ என்று எழுதினால் தெரிந்தவர் சிரிப்பார். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டை எடுத்துத் தன் வாழ்க்கையைச் சொல்ல வைக்கிறான் என்பதே அங்கே முக்கியம்.

நான்காம் வகுப்பு கடைசி இரண்டு காட்சிகளுக்கு மட்டும். முதலில் தெருவில் நடக்கும் எழுப்புதல் கூட்டம்: கறுப்பு உடை அணிந்த மூன்று பெண்கள், ஓர் ஆண், ஒரு டாம்பரின். அண்ணன் மேலே ஜன்னலில், சன்னி கீழே கூட்டத்தின் ஓரத்தில். அந்தப் பெண்ணின் குரல் ஹெராயின் தரும் உணர்வை நினைவூட்டியதாகச் சன்னி பின்பு சொல்கிறான். இவ்வளவு துன்பப்பட்டால்தான் இப்படிப் பாட முடியும் என்பது அவனுக்கு அருவருப்பாக இருக்கிறது. ‘துன்பம் கலையை வளர்க்கும்’ என்ற பொன்மொழியைப் பிள்ளைகள் இங்கே ஒட்டப் பார்ப்பார்கள். விடாதீர்கள், கதை அதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. அந்தப் போதைப் பழக்கம் மறுபடி வரலாம் என்றும் சன்னியே எச்சரிக்கிறான். ஆகவே கடைசியில் அவன் ‘குணமாகிவிட்டான்’ என்று எழுதுவதும் தவறு.

இரவு விடுதிக் காட்சியை வாய்விட்டுப் படியுங்கள், ஆளுக்கு ஒரு பத்தி. படிக்கும்போது முற்றுப்புள்ளிவரை மூச்சு விடக் கூடாது என்று சொன்னால் வாக்கியத்தின் நீளமே பாடம் நடத்தும். இங்கே கவனிக்க வேண்டியது, சன்னி முதலில் தடுமாறுகிறான். ஓராண்டுக்கு மேல் பியானோ பக்கமே போகாதவன். கரையை விட்டு ஆழத்துக்கு வா என்று கிரியோல் பேஸால் அழைக்கிறார். மூழ்குவதும் ஆழ்கடலும் ஒன்றல்ல என்பது அவர் வாக்குறுதி. வாசிப்பு திறந்துகொண்டதும் அண்ணனுக்கு முன்னால் அம்மாவும் நிலா வெளிச்சச் சாலையும் குழந்தையும் மனைவியின் கண்ணீரும் வருகின்றன. வெளியே உலகம் பசித்த புலியாகக் காத்திருக்கிறது என்பதையும் அவர் மறக்கவில்லை.

முடிவில் அண்ணன் அனுப்பிய ஸ்காட்ச்சும் பாலும் கலந்த கோப்பை பியானோமேல் ஒளிர்ந்து நடுங்குகிறது. அந்த உவமை பைபிளில் ஏசாயா 51ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. அங்கே தேவகோபத்தின் கோப்பையைக் குடித்துத் தள்ளாடிய மக்களின் கையிலிருந்து அதை எடுத்துவிட்டேன், இனி நீ குடிக்கமாட்டாய் என்று கடவுள் சொல்கிறார். கதையிலோ சன்னி ஒரு வாய் குடித்துவிட்டு மீண்டும் மேலே வைக்கிறான். கோப்பை தலைக்குமேல் இருக்கிறது. விடுதலையா, இன்னும் தொங்கும் ஆபத்தா? இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. வகுப்பை இரண்டாகப் பிரித்து இருபது நிமிடம் வாதாட விடுங்கள். பாலோடு சாராயத்தைக் கலந்திருப்பதை எந்த அணி முதலில் எடுத்துப் பேசுகிறது என்று பாருங்கள்.

வெளிச்சம் நல்லது, இருட்டு கெட்டது என்ற பழைய சூத்திரம் இந்தக் கதையில் உடையும். ஞாயிறு மாலை பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும் கூடத்தில் விளக்கு போட்டதும்தான் குழந்தையின் மனதில் இருட்டு நிறைகிறது. விடுதியில் சன்னியின் குழு ஒளிவட்டத்துக்குள் சட்டென்று நுழையவே பயப்படுகிறது. இந்த இரண்டு இடத்தையும் காட்டினாலே போதும்.

தோட்டத்தோடு ஒப்பிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வகுப்பில் பேசுவதற்கு நல்லது, எச்சரிக்கையோடு. தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு அடுக்குமாடிக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, அண்ணன் குடியிருக்கும் அரசாங்கக் குடியிருப்பு, புதிதாகக் கட்டியும் அதற்குள் பாழாகிப்போன அந்த இடம், விளக்கம் இல்லாமலே புரியும். கூரை தாழ்ந்த வாய்ப்புகளில் தலை இடிக்கும் மாணவர்கள் என்ற படிமமும் புரியும். ஆனால் அடிமை வணிகத்தின் வழி வந்தவர்களின் வரலாறும், 1938வரை கங்காணிகள் ஆள் சேர்த்த முறையில் மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வரலாறும் ஒன்றல்ல. ‘நமக்கும் இதே கதைதான்’ என்ற வாக்கியத்தைக் கட்டுரையில் அனுமதிக்காதீர்கள். நேரடியாக உதவும் இடம் டாக்சி காட்சி. சிறுவயதில் சன்னி இந்தியாவுக்குப் போக ஆசைப்பட்டான், அங்கே ஆட்கள் நெருப்புத் தணலில் வெறுங்காலோடு நடந்து ஞானம் அடைவதாகப் படித்திருந்தான். அண்ணன் அதைக் கேலி செய்கிறார். மாரியம்மன் கோவில் தீமிதியைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த வரி வேறு மாதிரி கேட்கும். வலியைக் கடந்து ஏதோ ஒன்றைத் தேடுபவன் சன்னி, அதைக் காதில் வாங்காமல் சிரிப்பவர் அண்ணன் என்பதைக் கதை இங்கேயே காட்டிவிடுகிறது. பெரும்பாலான கதைச்சுருக்கங்கள் இதைத் தொடுவதே இல்லை என்பதால் தேர்வில் தனித்துத் தெரியும்.

ஒரு முன்னெச்சரிக்கை. நம் பக்கத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தால், அதில் ஒன்றுக்கு வீட்டில் ஓர் அண்ணனோ மாமாவோ போதைப் பழக்கத்தில் இருக்கலாம். ‘உங்கள் குடும்ப அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்ற பயிற்சி வேண்டவே வேண்டாம். கதாபாத்திரத்தைப் பற்றியே கேளுங்கள். தனியாக வந்து பேசும் பிள்ளைக்கு வகுப்பு முடிந்து நேரம் ஒதுக்குங்கள்.

ஐந்தாம் வகுப்பில் எழுத்து. கலந்துரையாடல் முழுவதும் தமிழில் நடக்கட்டும், எழுதுவது ஆங்கிலத்தில். கருத்து தமிழில் கெட்டியான பிறகு எழுதும்போது வாக்கியம் தடுமாறினாலும் சிந்தனை தடுமாறாது. எண்ணூறு சொல் கட்டுரை என்றால் முன்னுரைக்கு எழுபது எண்பது, மூன்று காட்சிக்குத் தலா இருநூறு, மீதி முடிவுக்கு. முதல் பத்தியில் மறுக்கக்கூடிய ஒரு கருத்து இருக்க வேண்டும். ‘இந்தக் கதை சகோதர பாசத்தைக் காட்டுகிறது’ என்பதை யாரும் மறுக்க முடியாது, ஆகவே அது கருத்தே ஆகாது. ‘தன் மகளை இழக்கும்வரை அண்ணனால் தம்பியைக் கேட்க முடியவில்லை, கேட்கத் தொடங்கிய பிறகும் அவனைக் காப்பாற்ற முடியுமா என்பதைக் கதை திறந்தே விடுகிறது’ என்று எழுதினால் வாதிட இடம் உண்டு. காட்சிகளைச் சத்த அட்டவணையிலிருந்து எடுக்கட்டும். மேற்கோள் ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு மேற்கோளுக்குப் பிறகும் அதைப் பற்றி இரண்டு வாக்கியமாவது சொந்தமாக எழுதாவிட்டால் வெட்டிவிடுங்கள். திருத்தும்போது சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: ‘பிறகு’, ‘அதன்பின்’, ‘அடுத்து’ என்று தொடங்கும் வாக்கியங்களை வட்டமிடுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று வட்டம் விழுந்தால் பிள்ளை மறுபடி கதை சொல்லத் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கொடுத்து, காலவரிசைத் தாளைப் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள்.